எச்சில் கரண்டி

வெள்ளி முலாம் உரிந்து உள்ளே பித்தளை தெரியும் ஒரு கரண்டி. குழிவின் ஒரு ஓரம் தேய்ந்து கோணலாகியிருக்கும். ஒரே மனிதர் ஏழெட்டு வருஷம் தட்டில் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டால் அப்படித்தான் ஆகும். பிடியின் நுனியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டு முதலெழுத்து சுருள் சுருளாகப் பொறித்திருக்கும். அது எந்த எழுத்து என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்ததில்லை. நாங்கள் நைனா என்று கூப்பிட்ட என் அப்பா, சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கரண்டியைத் தானே கழுவி, துண்டில் துடைத்து, விளக்கு மாடத்தில் வைப்பார். அம்மாவைக்கூடத் தேய்க்க விடமாட்டார்.

போன மாதம் அதே கரண்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். நீல வெல்வெட்டில் படுக்க வைத்து, கீழே அச்சடித்த அட்டை ஒன்று: 'கடமை தவறாத பணிக்காகப் பிரெஞ்சு அரசு பரிசளித்த வெள்ளிக் கரண்டி.' இது என் அக்கா மகனின் வேலை. அவனுக்கே இப்போது அறுபது தாண்டி, தலை பஞ்சாகிவிட்டது. தாத்தாவுக்கு நினைவு மலர் போடப்போகிறானாம். என்னிடம் நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டான். மாதிரிக்கு இருக்கட்டும் என்று மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததையும் கையில் திணித்தான். படித்தேன். புன்னகை மாறாத முகமாம். வந்தவர்க்கெல்லாம் வயிறாரச் சோறாம். எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனமாம். எழுதியவர்களில் பாதிப்பேர் அவரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. செத்தவரைச் சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்து வைப்பதைப்போல அருவருப்பான வேலை உலகத்தில் வேறில்லை. நான் அவர் மகள், எண்பது வயதாகிறது, இனிமேல் யாருக்குப் பயந்து பொய் எழுத வேண்டும்? நடந்ததை எழுதுகிறேன். இதில் எனக்கும் பெருமை கிடையாது, யாருக்கும் கிடையாது.

நைனாவுக்கு மேரியில் வேலை. எங்கள் ஊரான புதுச்சேரியில் நகரசபையை மேரி என்றுதான் சொல்வோம். பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர், அவன் போன பிறகும் ஒட்டிக்கொண்டது. பெரிய மார்க்கெட்டில் மீனையும் கறியையும் பார்த்து, கெட்டுப்போனதை விற்க விடாமல் செய்வது அவர் உத்தியோகம். விடிந்ததும் சைக்கிளில் கிளம்புவார். ஹேண்டிலில் ஒரு மண்ணெண்ணெய் டப்பா தொங்கும். குருசுக்குப்பத்து மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்ததும் குனிந்து, வலது கையின் ஆள்காட்டி விரலை மீனின் செவுளுக்குள் விட்டு, வெளியே எடுத்து மோந்து பார்ப்பார். அவ்வளவுதான் சோதனை. நல்ல மீனென்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கூடைக்குப் போவார். கெட்டதென்றால் டப்பாவைச் சாய்த்து மண்ணெண்ணெயை ஊற்றிவிடுவார். அப்புறம் அதை நாய்கூட மோந்து பார்க்காது.

"முசே, விடியக்காலம் வலையில வுழுந்தது முசே. ஒங்க புள்ளிங்க நல்லா இருக்கும், ஊத்திடாதீங்க!" என்று, வெள்ளைக்காரத் துரையைக் கூப்பிடுவதுபோல முசே போட்டு, அந்தப் பெண்கள் கையைப் பிடிப்பார்களாம். "எம் புள்ளிங்க நல்லா இருக்கட்டும். இத வாங்கித் துன்ற புள்ளிங்களும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவார். அவர்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். வெள்ளைக்காரன் காலத்திலும் தூற்றினார்கள். ஐம்பத்துநாலில் கொடி மாறிய பிறகும் தூற்றினார்கள். அவருடைய டப்பாவும் மாறவில்லை, விரலும் மாறவில்லை. புன்னகை மாறாத முகம் என்று எழுதியிருக்கும் புண்ணியவான் ஒருநாள் அந்த மார்க்கெட்டில் நின்று பார்த்திருக்க வேண்டும். மூக்கைச் சுளித்துச் சுளித்து இரண்டு கோடு விழுந்த முகம் அது. தூங்கும்போதும் அந்தக் கோடு போகாது.

வீட்டில் அவர் வேறு ஆள். மார்க்கெட்டிலிருந்து வந்து கிணற்றடியில் நிற்பார். புளியைப் போட்டுக் கையைத் தேய்ப்பார், அடுப்புச் சாம்பலில் தேய்ப்பார், எலுமிச்சைத் தோலை நகக்கண்ணில் விட்டுக் குடைவார். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து, குழம்புச் சட்டியிலேயே சோற்றைக் கொட்டி ஒட்ட வழித்துப் பிசைவார். அக்காவும் நானும் எதிரில் கையை நீட்டிக்கொண்டு உட்காருவோம். ஆளுக்கொரு உருண்டை. "இன்னொண்ணு நைனா" என்போம். இன்னொன்று வரும். எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்து முடித்த பிறகு சட்டியில் மிஞ்சுவதுதான் அவருக்கு. அம்மா முறைப்பாள். சாப்பாடானதும் விளையாட்டு உண்டு. என் கண்ணைப் பொத்தி இரண்டு மீனை மாற்றி மாற்றி மூக்கருகே காட்டுவார். எது இன்றைக்குப் பிடித்தது, எது நேற்றையது? நான் தப்பாகச் சொன்னதே இல்லை. "மனுசன் பொய் சொல்லுவான், தராசு பொய் சொல்லும், மூக்கு சொல்லாதுடி. இவளுக்கு எம் மூக்கு" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். அந்த மூக்குதான் பிறகு அவரைக் கெடுத்தது.

எனக்குப் பத்து வயது. கன்னிமார் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் இடம். ஒருநாள் பக்கத்திலிருந்த பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சேர், இவகிட்ட மீன் நாத்தம் வருது" என்று கன்னிமாரிடம் சொன்னாள். சேர் என்று நாங்கள் கூப்பிடும் அந்தக் கன்னியாஸ்திரீ என்னை எழுப்பி ஜன்னலோரம் உட்கார வைத்தார். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நைனா சோறு பிசைந்துகொண்டிருந்தார். என் கையில் உருண்டை வைத்தார். வாயில் போட்டேன். எங்கிருந்துதான் வந்ததோ அந்த வெறி, அப்படியே தரையில் துப்பினேன். "ஒங் கை நாறுது நைனா. எனக்கு வாணாம்" என்றேன்.

அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள். அம்மா கொல்லையில் இருந்ததால் காதில் விழவில்லை. நைனா குனிந்தார். தரையில் கிடந்ததைப் பொறுக்கிக் காக்கைக்குப் போட்டார். கையைக் கழுவினார். இரண்டாம் முறை கழுவினார். பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மார்க்கெட்டில் மீனைப் பார்க்கும் அதே முகம். தன்னையே தள்ளிவிடும் முகம் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அந்தச் சமயத்தில் வெள்ளைக்காரர்கள் வீடு வீடாகக் காலி செய்து கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் நாற்காலி, மேசை, தட்டு முட்டு எல்லாவற்றையும் வாசலில் போட்டு ஏலம் விட்டார்கள். அந்த வாரம் நைனா ஓர் ஏலத்திலிருந்து இந்தக் கரண்டியை வாங்கி வந்தார். அன்றைக்கு ராத்திரியிலிருந்து சோற்றைக் கையால் தொடவில்லை. குழம்புச் சோற்றையும் கரண்டியாலேயே பிசைவார். மீன் துண்டைக் கரண்டி முனையால் குத்திக் குத்தி முள் எடுப்பார். ஒருதரம் முள் தொண்டையில் சிக்கி வெறும் சோற்று உருண்டையை விழுங்க வேண்டியதாயிற்று, அதையும் கரண்டியிலேயே வைத்து விழுங்கினார். அதற்கப்புறம் வீட்டில் மீன் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். புதுச்சேரியில் மீனை அவரைப்போலத் தெரிந்தவர் கிடையாது, அவர் தட்டில் மட்டும் மீன் கிடையாது. எங்களுக்கு உருண்டை பிடித்துக் கொடுப்பதும் நின்றது. அம்மா கேட்டதற்கு, "இதான் சுத்தம். மேரியில பெரியவங்க எல்லாம் இப்படித்தான் சாப்புடறாங்க" என்றார். அம்மா நம்பிவிட்டாள். அக்கா அன்றைக்கு என்னை அடித்ததோடு மறந்துவிட்டாள். ஏன் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஊர் சும்மா இருக்குமா? வெள்ளைக்காரன் போனதும் இவன் வெள்ளைக்காரனாகிவிட்டான் என்றார்கள். 'கரண்டி முசே' என்று பெயர் வைத்தார்கள். மார்க்கெட்டில் அவர் மண்ணெண்ணெய் ஊற்றினால் பின்னாலிருந்து, "கரண்டி முசே, கையில தொட்டா தீட்டாய்டுமா?" என்று குரல் வரும். தினமும் முந்நூறு மீனின் செவுளுக்குள் போய்வரும் கையைப் பார்த்து இந்தக் கேள்வி. இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார் என்று மலரில் எவனாவது எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். சிரிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு வாங்கினார், அவ்வளவுதான்.

ஐம்பத்தேழில் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கருவடிக்குப்பத்துப் பக்கம். மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வாயைத் திறந்தால்தானே குறை சொல்ல? அக்காவின் மாமனார்தான் ஆள். கொடி ஏறுவதற்கு முந்தின நாள்வரை பிரெஞ்சு சொல்தாச் சிப்பாய்களுக்குச் சலாம் போட்டுச் சரக்கு விற்றவர், கொடி ஏறிய மறுநாள் கதர்த்துண்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டவர். அதற்கப்புறம் அவரைவிடப் பெரிய தேசபக்தர் ஊரில் இல்லை. யாராவது 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டால்கூட வேட்டியை வரிந்துகட்டுவார்.

மறுவருஷம் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நைனா தாத்தாவானார். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள் அக்கா. அந்த மூன்று மாதமும் நைனா பிள்ளையைக் கையால் தொட்டுத் தூக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முழங்கையை மடக்கி, அதில் பிள்ளையை ஏந்திக்கொள்வார். விரல் பட விடமாட்டார். கொசு வந்தால் துண்டால் விசிறுவார். ராகம் என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு முற்றத்தில் நடப்பார். கன்னத்தைக் கிள்ள எல்லாருக்கும் ஆசை இருக்கும். அவர் குனிந்து மூக்கால் கன்னத்தைத் தொடுவார். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். "தூக்கு நைனா, ஒண்ணும் ஆவாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டும் விசேஷம் அவர்கள் வீட்டில். எங்கள் பக்கத்தில் தாய்மாமன்தான் முதல் வாய் ஊட்ட வேண்டும். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஆகவே அந்த உரிமை நைனாவுக்கு வந்தது. அவருக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத்தான் வர முடிந்தது. பாழாய்ப்போன அன்றைக்கென்று பார்த்து ஐஸ் இல்லாமல் நாலு கூடை சுறா வந்திருந்தது. விரலை விட்டால் விரலோடு சதை கழன்று வந்ததாம், புழு நெளிந்ததாம். நாலையும் அழித்துவிட்டு ஓடிவந்து, கிணற்றடியில் முக்கால் மணி நேரம் கையைத் தேய்த்தார். தோல் சிவந்து வெடித்துவிட்டது. சுறா நாற்றம் அப்படி லேசில் போகாது, மீன் கழுவியவர்களுக்குத் தெரியும்.

அங்கே போனால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளிக் கிண்ணத்தில் பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்த சோறு. மாமனார் மடியில் பிள்ளை. "வாங்க சம்பந்தி, மொத வாய் ஒங்களது" என்றார். நைனா உட்கார்ந்தார். சட்டைப் பையில் கைவிட்டார். துண்டில் சுற்றி வைத்திருந்த கரண்டியை எடுத்தார். சோற்றைக் கரண்டி முனையில் எடுத்துப் பிள்ளை வாயருகே கொண்டுபோனார். பிள்ளை பல்லில்லாத வாயைத் திறந்துகொண்டு எட்டியது. மாமனார் அவர் கையைத் தட்டிவிட்டார். சோறு பாயில் சிதறியது.

"எங்க வூட்டுப் புள்ளைக்கி வெள்ளக்காரன் துப்பிட்டுப் போன எச்சக் கரண்டியில சோறா? கையால ஊட்டினா ஒம்ம கவுரதி கொறஞ்சி போவுமா?"

நைனாவின் வாய் அசைந்தது. சொல்ல வந்தார். ஐம்பது பேர் நடுவில், மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில், 'என் கை நாறுகிறது' என்று எப்படிச் சொல்வார்? ஒருமுறை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பதின்மூன்று வயது, நாக்கு இருந்தது, மற்றதற்கெல்லாம் நன்றாகவே வேலை செய்த நாக்கு. என்னோடு படிக்கும் பெண் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். என் அப்பன் கை மீன் நாற்றம் என்று அவள் முன்னால் சொல்ல வெட்கம். தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த நிமிஷம் கதர்த்துண்டே முதல் வாய் ஊட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். நாங்கள் சாப்பிடாமல் திரும்பினோம்.

அதற்குப் பிறகு அக்காவையும் பிள்ளையையும் எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. பொங்கலுக்கும் இல்லை, தீபாவளிக்கும் இல்லை. அம்மா அழுது அழுது ஆள் விட்டுப் பேசியதில் ஒரு நிபந்தனை வந்தது. நைனா அவர்கள் வீட்டுக்கு வந்து எல்லார் முன்னாலும் பிள்ளைக்குக் கையால் ஒரு வாய் ஊட்ட வேண்டும். ஊட்டினால் எல்லாம் மறந்தாயிற்று. கேட்பதற்குச் சின்ன விஷயம். அம்மா அவர் காலில் விழாத குறை. நைனா சரி என்றார். மூன்று நாள் லீவு போட்டார். இந்த உலகத்தில் கை கழுவுவதற்காக லீவு போட்ட மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மூன்று நாளும் மார்க்கெட் பக்கமே போகவில்லை. புளி, சாம்பல், சீயக்காய், எலுமிச்சை, சிவப்பு சோப்பு, கடைசியில் யாரிடமோ கேட்டு வாங்கிய வெள்ளைக்காரச் சென்ட். நகத்தை ரத்தம் வரும்வரை ஒட்ட வெட்டினார்.

நாலாம் நாள் காலை. வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, வாசலில் நின்றார். அம்மா தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு உள்ளே தயாராகிக்கொண்டிருந்தாள். நைனா என்னைக் கூப்பிட்டார். நாலு வருஷமாக என் பக்கம் நீட்டாத கையை நீட்டினார். "மோந்து பாரும்மா. இன்னும் நாறுதா?"

மோந்து பார்த்தேன். சென்ட் வந்தது. சோப்பு வந்தது. அதற்கடியில், எங்கோ அடியில், அது இருந்ததா? "நாறுது" என்றேன்.

இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. பொய் சொன்னேனா? தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அறுபத்தைந்து வருஷமாக அந்தக் காலையை நினைவில் திரும்பத் திரும்ப மோந்து பார்த்துவிட்டேன். ஒருநாள் நாறுகிறது, ஒருநாள் நாறவில்லை. கையில் நாற்றம் இருந்ததோ, இல்லை என் மூக்கில்தான் பத்து வயதிலிருந்து அது குடியிருந்ததோ? அவருக்கோ சந்தேகமே இல்லை. மூக்கு பொய் சொல்லாது, அதிலும் இவள் மூக்கு சொல்லாது. சரி என்று தலையாட்டினார். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா பூத்தட்டோடு வந்து நின்றாள். "நா வரல" என்றார். அம்மா கத்திய கத்தலுக்குத் தெருவே கூடியது. திமிர் பிடித்தவன் என்று சம்பந்தி வீட்டில் முத்திரை குத்தினார்கள். கெட்ட மீனைப் பிள்ளைகள் வாயில் போக விடாத மனிதர் தன் கையையும் பேரன் வாயில் போக விடவில்லை. விஷயம் அவ்வளவுதான். அதைக் கெட்டது என்று தீர்ப்புச் சொன்னவள் நான்.

அக்கா என்னைவிட நல்லவள். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்கு மீன் வாங்க அவளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு வர ஆரம்பித்தாள். நைனா நல்ல மீனாகப் பார்த்துக் கைகாட்டுவார், அவள் வாங்குவாள். அந்தப் பத்து நிமிஷம்தான் பேரனைப் பார்க்கும் நேரம். கோபமாகத் திட்டும் குருசுக்குப்பத்துப் பெண்கள் அந்தப் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொள்வார்கள், அந்தக் கூடைக்காரிகளுக்கு இருந்த நாகரிகம் கதர்த்துண்டுக்கு இல்லை. அந்த மாமனாருக்கு விஷயம் தெரியாது என்று நினைக்கிறீர்களா? நன்றாகத் தெரியும். "மீனுன்னா இது மீனு! நம்ம மருமவளுக்கு மீன் பாக்கத் தெரியுது" என்று முள்ளை உறிஞ்சிக்கொண்டே சொல்வாராம். யார் பார்த்துக் கொடுத்தது என்று மட்டும் கேட்க மாட்டாராம். கேட்டால் நிறுத்த வேண்டி வரும், நிறுத்தினால் நல்ல வஞ்சிரம் கிடைக்காது. மனிதனுடைய மானம் அவன் வயிற்றுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

நான் மார்க்கெட்டுக்குப் போவதில்லை. அறுபத்தொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைனா சாவியை மறந்துவிட்டுப் போனார் என்று அம்மா துரத்தியதால் போனேன். மீன் வரிசையின் கோடியில் அவர்கள் நின்றிருந்தார்கள். பிள்ளைக்கு மூன்று வயதுக்குக் கிட்டே. தரையில் நின்று தாத்தாவை அண்ணாந்து பார்க்கிறது. நைனா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பேசுகிறார். பிள்ளை சுற்றிக்கொண்டு பின்னால் போனது. அவர் திரும்பினார். அது மறுபடி பின்னால் போனது. சேற்றில் சறுக்கிச் சறுக்கி இரண்டு பேரும் வட்டம் போட்டார்கள். கடைசியில் அது அவர் வலது கையைப் பிடித்துவிட்டது. அந்த விரலை, முந்நூறு செவுளுக்குள் போய் வந்து இன்னும் ஈரம் காயாத அந்த ஆள்காட்டி விரலை, இரண்டு கையாலும் பிடித்து மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டது. மூச்சை இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டது. நைனா இழுக்கவில்லை. அவர் முகத்திலிருந்த அந்த இரண்டு கோடும் அழிந்துபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாவியை ஒரு மீன்காரியிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் பார்ப்பதற்குள் திரும்பி நடந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

மறுவருஷம், பிரெஞ்சுக்காரன் ஊரைச் சட்டப்படி எழுதிக் கொடுத்த வருஷம், நைனாவுக்கு மஞ்சள் காமாலை வந்து பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தார். மார்க்கெட்டைப் பார்த்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. நான்தான் தினமும் கஞ்சியும் சோறும் கொண்டுபோவேன். ஒரு மத்தியானம் ரசச் சோற்றைத் தட்டில் வைத்து, பக்கத்தில் கரண்டியை வைக்காமல், எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினேன். "ஒரு உருண்டை குடு நைனா."

என்னைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். கை மெல்லத் தட்டை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "ஒனக்கு வாணாம்மா" என்றார். வெறுப்போடு சொல்லவில்லை. எனக்குக் கெட்டது எதையும் கொடுக்கக் கூடாது என்ற அக்கறையோடு சொன்னார். பிறகு கரண்டி எங்கே என்று மாடத்தைத் தேடுவதுபோல ஆஸ்பத்திரிச் சுவரைத் தேடினார். என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதற்கு அடுத்த வாரம் போய்விட்டார்.

சுடுகாட்டில் கதர்த்துண்டு பேசியது. இரங்கல் கூட்டமாம். "கரண்டி பிடித்த கையானாலும் கறை படியாத கை!" என்று குரலை உயர்த்தியது. ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர் ஊற்றிய மண்ணெண்ணெய்க்கு ஆள் வைத்து அடிக்கத் திட்டம் போட்ட இரண்டு வியாபாரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அழுகிய மீன் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி மூக்கைப் பொத்திக்கொள்ள எனக்குத் தோன்றியதில்லை. நைனா உயிரோடு இருந்திருந்தால் டப்பாவை எடுத்து மொத்தக் கூடைக்கும் ஊற்றியிருப்பார்.

போன மாதம் அக்கா மகன் வீட்டில் இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் பெண்டாட்டி, அதாவது என் மருமகள், அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்று கேட்டாள். பிரெஞ்சு அரசு கொடுத்த பரிசு என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "எங்க தாத்தாதான் சித்தி. அப்பாவோட அப்பா. வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்லிக்கினு இருப்பாரு, எங்க சம்பந்திக்கு பிரெஞ்சு கவர்மென்ட் குடுத்ததுன்னு" என்றான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிரெஞ்சு என்றால் கவுரவம் என்று ஊர் மறுபடி மாறியபோது, எச்சில் கரண்டியையே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார் அந்த மகானுபாவர்.

அவன் எழுந்து கண்ணாடிப் பெட்டியிடம் போனான். பெட்டியைத் திறந்து அட்டையை உருவி எடுத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "எனக்கு மார்க்கெட் ஞாபகம் இருக்கு சித்தி. அவரு மொகம் ஞாபகம் இல்ல. ஒரு வெரல். அந்த வாசனை. மண்ணெண்ணெயும் மீனும் கலந்து... ரேஷன் கடைப் பக்கம் போனா இப்பவும் ஒரு நிமிஷம் அப்படியே நின்னுடுவேன்."

"நாத்தம்னு சொல்லுடா" என்றேன்.

"இல்ல சித்தி. வாசனை."

அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு, என்ன எழுதலாம் என்று கேட்டான். எச்சில் கரண்டி என்றே எழுது என்றேன். யார் எச்சில் என்று கேட்டால்? "எங்க நைனா எச்சில்னு சொல்லு. வேற யாரு எச்சிலும் அதுல இல்ல." எழுதினானா என்று தெரியாது, எழுதாவிட்டாலும் போகட்டும். இந்த மலரில் இதைப் போட்டால் முழுதாகப் போடட்டும். வெட்டி ஒட்டுவதானால் வேண்டாம்.

மருமகள் சாப்பிடக் கூப்பிட்டாள். எனக்கு இப்போது விரல்கள் மடங்குவதில்லை. நானும் கரண்டியில்தான் சாப்பிடுகிறேன். பக்கத்தில் ஒரு ஸ்பூனை வைத்திருந்தாள். அவன் அதை எடுத்துத் தள்ளி வைத்தான். குழம்புச் சட்டியை இழுத்து, சோற்றைக் கொட்டி, ஒட்ட வழித்துப் பிசைந்தான். யாரும் அவனுக்கு அப்படிச் செய்து காட்டியதில்லை, கொஞ்ச நேரம் முன்னால் நான் சொல்லிக் கேட்டதுதான். ஓர் உருண்டை பிடித்து நீட்டினான். கையை நீட்டி வாங்கினேன். கானாங்கெளுத்திக் குழம்பு. உருண்டையிலும் என் உள்ளங்கையிலும் அவன் விரலிலும் மீன் நாறியது. மீன் பிசைந்த கை வேறெப்படி இருக்கும்? வாயில் போட்டு மென்று விழுங்கினேன்.

"இன்னொண்ணு" என்று கையை நீட்டினேன்.